ரயில் நின்ற நாளுக்குச் சம்பளம் யார் தருவது?

தாப்பா ரோடு நிலையத்தில் இடிஎஸ் ரயிலுக்குக் காத்திருக்கும் மாணவர்கள் பார்ப்பது பெரும்பாலும் நேரப் பலகையைத்தான். ரயில் பத்து நிமிடம் தாமதம் என்றால் உடனே வாட்ஸ்அப்பில் புலம்பல் தொடங்கிவிடும். மேடையைக் கூட்டுகிறவர், கழிப்பறையைக் கழுவுகிறவர், வாசலில் நிற்கும் பாதுகாவலர் ஆகியோரைப் பார்த்தும் பார்க்காததுபோல் கடந்துவிடுகிறோம். ரயில் பத்து நிமிடம் தாமதமானால் நமக்கு வகுப்பு போகும். ரயிலே ஒரு மாதம் ஓடாவிட்டால் அவர்களுக்கு என்ன போகும்?

இந்தக் கேள்வி எனக்குப் புத்தகத்திலிருந்து வரவில்லை. என் அத்தை ஒரு ரயில் நிலையத்தில் குத்தகை நிறுவனம் ஒன்றின் கீழ் துப்புரவு வேலை செய்தார். 2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியபோது நான் மூன்றாம் படிவத்தில் படித்துக்கொண்டிருந்தேன். மாநிலம் விட்டு மாநிலம் போகத் தடை. நெடுந்தூரப் பயணிகள் இல்லை. ஒரு நாள் மாலை மேற்பார்வையாளரிடமிருந்து அத்தைக்கு அழைப்பு வந்தது. "இப்போதைக்கு வர வேண்டாம்கா, வேலை இருந்தா கூப்பிடுறேன்" என்றார். கடிதம் இல்லை, தேதி இல்லை. இரண்டு மாதத்துக்கும் மேலாக அத்தை அந்த அழைப்புக்காகக் காத்திருந்தார்.

உதவி கேட்டு விசாரித்தபோது முதலில் வந்த கேள்வி, "வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்களா?" என்பது. அத்தையால் ஆம் என்றும் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. அவரை யாரும் நிறுத்தவில்லை. ஆனால் வேலையும் கொடுக்கவில்லை. நம் சட்டத்தில் ஓட்டை இருப்பது சரியாக இந்த இடத்தில்தான்.

சட்டம் என்ன தருகிறது?

மலேசியாவில் தொழிலாளிக்குப் பாதுகாப்பே இல்லை என்று சொல்வது தவறு. 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் கீழ் 1980இல் வந்த விதிமுறைகள் ஆட்குறைப்புக்கு இழப்பீடு வைத்திருக்கின்றன. ஓராண்டு முடித்து இரண்டு ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 10 நாள் சம்பளம். இரண்டு முதல் ஐந்து ஆண்டு வரை 15 நாள். ஐந்து ஆண்டுக்கு மேல் 20 நாள். சேவைக் காலத்துக்கு ஏற்ப நான்கு, ஆறு அல்லது எட்டு வாரம் முன்னறிவிப்பும் தர வேண்டும். ஆட்குறைப்பு செய்யும் முதலாளி குறைந்தது 30 நாளுக்கு முன்பே ஆள்பல இலாகாவுக்குத் தெரிவிக்க வேண்டும்.

2018 ஜனவரி முதல் சொக்சோவின் வேலைவாய்ப்புக் காப்புறுதித் திட்டமும் நடப்பில் உள்ளது. தொழிலாளியிடமிருந்து சம்பளத்தில் 0.2 விழுக்காடு, முதலாளியிடமிருந்து 0.2 விழுக்காடு சந்தா. வேலை போனால் முதல் மாதம் சம்பளத்தில் 80 விழுக்காடு, இரண்டாம் மாதம் 50, மூன்றாம் நான்காம் மாதங்களில் 40, ஐந்தாம் ஆறாம் மாதங்களில் 30 என உதவித்தொகை கிடைக்கும். மாதம் 1,700 ரிங்கிட் வாங்குகிறவருக்கு முதல் மாதம் ஏறக்குறைய 1,360 ரிங்கிட் கைக்கு வரும். எத்தனை மாதம் என்பது கட்டிய சந்தாவைப் பொறுத்தது. வேலை போன 60 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும்.

நல்ல திட்டம்தான். ஆனால் இவை அனைத்துக்கும் ஒரே வாசல்: வேலை போயிருக்க வேண்டும். வேலை போகாமல் சம்பளம் மட்டும் போனவருக்கு அந்த வாசல் திறப்பதில்லை.

தற்காலிகமாக வேலை தராமல் விடுவதைப் பற்றியும் 1980 விதிமுறைகள் பேசுகின்றன. தொடர்ச்சியான நான்கு வாரத்தில் குறைந்தது 12 வேலை நாள்களுக்கு வேலையும் இல்லை, சம்பளமும் இல்லை என்றால், அதை ஆட்குறைப்புக்குச் சமமாகக் கருதி இழப்பீடு கேட்கலாம். இதை நாம் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். வாரத்துக்கு ஆறு நாள் வேலை என்றால் நான்கு வாரத்தில் 24 வேலை நாள். வெள்ளத்தால் 11 நாள் வேலை இல்லை என்றால் சட்டப்படி ஒன்றுமே நடக்கவில்லை. 1,700 ரிங்கிட் குறைந்தபட்சச் சம்பளத்தின்படி ஆறு நாள் வேலை வாரத்துக்கு ஒரு நாள் கூலி 65 ரிங்கிட் 38 சென். 11 நாளுக்கு ஏறக்குறைய 719 ரிங்கிட். ஒரு குடும்பத்தின் வீட்டு வாடகையும் மளிகையும் அதற்குள்தான் இருக்கிறது.

குத்தகைத் தொழிலாளிக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. என் அத்தை ஒரே நிலையத்தில் ஒன்பது ஆண்டு வேலை செய்தார். துடைப்பம் மாறவில்லை, மேடை மாறவில்லை. குத்தகையாளர் மட்டும் மூன்று முறை மாறினார். ஒவ்வொரு முறையும் புதிய ஒப்பந்தம், புதிய சேவைக் காலம். ஐந்து ஆண்டுக்கு மேல் உழைத்தவருக்கு உரிய 20 நாள் கணக்கு அவருக்கு ஒருபோதும் பொருந்தவில்லை. தவணை முடிந்து ஒப்பந்தம் தானாகக் காலாவதியானால் காப்புறுதித் திட்டம் அதை வேலை இழப்பாக எடுத்துக்கொள்வதில்லை. அரசாங்கப் பள்ளிகளிலும் மருத்துவமனைகளிலும் குத்தகையில் வேலை செய்யும் துப்புரவாளர்களும் பாதுகாவலர்களும் பல ஆண்டுகளாக இதே குறையைத்தான் சொல்லி வருகிறார்கள்.

மழை நாள் கணக்கு நமக்குப் புதிதல்ல

பேராக்கில் தோட்டத்துப் பிள்ளைகளாக வளர்ந்தவர்களுக்கு இந்தக் கதை பழகியது. காலையில் மழை பெய்தால் பால்மரம் வெட்ட முடியாது. பிரட்டுக்குப் போய்விட்டுத் திரும்பி வருவார்கள். வெட்டு இல்லாத நாளுக்குக் கூலியும் இல்லை. வானத்தின் தவறுக்குத் தொழிலாளி அபராதம் கட்டினார்.

ரயில்வேயிலும் அதே நிலை இருந்தது. மலாயாவின் முதல் ரயில் 1885 ஜூன் 1ஆம் தேதி நமது பேராக்கில், தைப்பிங்குக்கும் போர்ட் வெல்டுக்கும் இடையே ஓடியது. 1893இல் தாப்பா ரோட்டிலிருந்து அன்றைய தெலுக் அன்சனுக்கு, அதாவது இன்றைய தெலுக் இந்தானுக்கு, ஒரு கிளைப்பாதை போடப்பட்டது. இந்தப் பாதைகளில் மண் வெட்டியவர்களிலும் தண்டவாளம் தூக்கியவர்களிலும் பராமரித்தவர்களிலும் தமிழர்கள் மிகுதி. அவர்களில் பெரும்பகுதியினர் நாள் கூலிகள்.

1962 டிசம்பரில் மலாயா ரயில்வே தொழிலாளர் சங்கம் வேலை நிறுத்தப் போராட்டத்தில் இறங்கியது. ஏறக்குறைய 14,000 தொழிலாளர்கள் மூன்று வாரத்துக்கும் மேலாக ரயில்களை நிறுத்தினார்கள். அவர்களுடைய முக்கியக் கோரிக்கை ஒரே வரியில் அடங்கும்: நாள் கூலியை மாதச் சம்பளமாக்கு. வெறும் பணத்துக்காக அவர்கள் இதைக் கேட்கவில்லை. மாதச் சம்பளம் என்றால் மழை நாளுக்கும், பாதை உடைந்த நாளுக்கும், நோய் வந்த நாளுக்கும் வீட்டில் அடுப்பு எரியும் என்று பொருள். அந்தப் போராட்டம் வென்றது.

அறுபது ஆண்டுக்கு முன்பு முன்வாசல் வழியாக வெளியேற்றிய நாள் கூலி முறை, குத்தகை என்ற பெயரில் பின்வாசல் வழியாகத் திரும்பி வந்திருக்கிறது. ரயில்வேயின் சொந்த ஊழியருக்கு மாதச் சம்பளம் உண்டு, சங்கம் உண்டு, கூட்டு ஒப்பந்தம் உண்டு. அதே மேடையில் அவருக்குப் பக்கத்தில் துடைப்பத்தோடு நிற்பவருக்கு இந்த மூன்றும் இல்லை. ரயில் ஓடும் வரை இந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரிவதில்லை. ரயில் நின்ற அன்றே தெரிந்துவிடுகிறது.

ரயில் நிற்பது அபூர்வமா?

கொள்ளைநோய் நூறாண்டுக்கு ஒரு முறை வருவது, அதற்கெல்லாம் சட்டம் வேண்டுமா என்று சிலர் கேட்கலாம். 2014 டிசம்பர் வெள்ளத்தை நினைத்துப் பாருங்கள். கிளந்தானில் கிழக்குக்கரை ரயில் பாதை துண்டிக்கப்பட்டது. கெமுபுவில் நெங்கிரி ஆற்றின் மேல் இருந்த ரயில் பாலம் அடித்துச் செல்லப்பட்டது. அந்தப் பாதை முழுமையாகச் சீராக 2016 ஆகிவிட்டது. 2022 நவம்பரில் கோலாலம்பூரில் கிளானா ஜெயா எல்ஆர்டி பாதையின் 16 நிலையங்கள் பல நாள் மூடப்பட்டன. வெள்ளம், மண்சரிவு, சமிக்ஞைக் கோளாறு, கம்பித் திருட்டு என்று ரயில் சேவை நிற்பதற்குக் காரணங்கள் பல. மழை கடுமையாகிக்கொண்டே போகும் காலத்தில் இவை குறையப் போவதில்லை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ரயில் நின்றால் வேலை நின்றுவிடுவதில்லை. வேலையின் வகைதான் மாறுகிறது. வெள்ளம் வடிந்த நிலையத்தில் சேறு அள்ள ஆள் வேண்டும். மாற்றுப் பேருந்துக்குப் பயணிகளை வழிகாட்ட ஆள் வேண்டும். பூட்டிக் கிடக்கும் நிலையத்தைக் காக்க ஆள் வேண்டும். இருக்கும் தொழிலாளியை வீட்டுக்கு அனுப்பிவிட்டுப் பிறகு ஆள் இல்லை என்று தவிப்பது யாருக்கும் லாபமில்லை.

அமெரிக்கா இதற்கு நல்ல பாடம். அங்குள்ள பெரிய சரக்கு ரயில் நிறுவனங்கள் ஆறு ஆண்டுகளில் ஏறக்குறைய 45,000 பேரைக் குறைத்தன. இது மொத்த ஆள்பலத்தில் 29 விழுக்காடு. கொள்ளைநோய் தணிந்து சரக்கு திரும்பியபோது ரயிலை ஓட்ட ஆள் இல்லை. 2022 ஏப்ரலில் அந்நாட்டுத் தரைப் போக்குவரத்து வாரியம் பொது விசாரணை நடத்தி நிறுவனங்களைக் கேள்வி கேட்க வேண்டியதாயிற்று. ஆளைக் குறைத்துச் சேமித்த பணம், சேவை மீள வேண்டிய நேரத்தில் இழப்பாகத் திரும்பி வந்தது.

மற்ற நாடுகள் என்ன செய்தன?

அதே அமெரிக்காவில் கற்றுக்கொள்ள வேண்டிய நல்லதும் இருக்கிறது. வெள்ளம், பனிப்புயல், நிலநடுக்கம், தீ போன்ற அவசர நிலையில் சேவை நின்றால், முன்னறிவிப்பு இல்லாமலே வேலைகளைத் தற்காலிகமாக நீக்கலாம் என்று அங்குள்ள ரயில்வே உடன்படிக்கைகள் பல சொல்கின்றன. கேட்கக் கடுமையாகத்தான் இருக்கிறது. ஆனால் மறுபக்கத்தில், ரயில்வே தொழிலாளர்களுக்கென்றே 1938இல் ஒரு வேலையின்மைக் காப்புறுதிச் சட்டம் இயற்றினார்கள். அதற்கான பணத்தை ரயில் நிறுவனங்களே கட்டுகின்றன. அந்தச் சட்டம் வேலை போனதா என்று மட்டும் கேட்பதில்லை, எத்தனை நாள் வேலை இல்லை என்று எண்ணுகிறது. 14 நாள் கொண்ட காலப்பகுதியில் வேலையில்லாத நாள் நான்கைத் தாண்டினால், தாண்டிய ஒவ்வொரு நாளுக்கும் பணம். முதல் கோரிக்கைக்கு மட்டும் காத்திருப்பு நாள் ஏழு.

இந்தியாவைப் பாருங்கள். தொழில் தகராறுச் சட்டத்தில் 1953இல் செய்த திருத்தம், தொழிற்சாலை, சுரங்கம் ஆகியவற்றில் வேலை தராமல் விடப்பட்ட தொழிலாளிக்கு அடிப்படைச் சம்பளத்திலும் பஞ்சப்படியிலும் பாதி தர வேண்டும் என்றது. இயந்திரம் பழுதானாலும், இயற்கைப் பேரிடர் வந்தாலும் அந்தச் சட்டம் பொருந்தியது. ஓராண்டு சேவை, குறைந்தது 50 தொழிலாளர் போன்ற நிபந்தனைகள் இருந்தன என்றாலும், ஆற்று வெள்ளத்தின் செலவைத் தொழிலாளி ஒருவரே சுமக்கக் கூடாது என்ற கொள்கையை அந்தச் சட்டம் ஏற்றுக்கொண்டது.

நம் நாடும் இதை ஒரு முறை செய்திருக்கிறது. 2020இல் சொக்சோ வழியாக வேலை நிலைநிறுத்தத் திட்டம் ஒன்று வந்தது. 4,000 ரிங்கிட் வரை சம்பளம் வாங்குகிறவர், குறைந்தது 30 நாள் சம்பளமில்லா விடுப்பில் போக நேர்ந்தால், மாதம் 600 ரிங்கிட் வீதம் ஆறு மாதம் வரை உதவி. வேலை போகாமல் சம்பளம் மட்டும் போனவருக்கு நாட்டின் கதவு அப்போது திறந்தது. ஆனால் விண்ணப்பிக்க வேண்டியவர் முதலாளி. அத்தையின் குத்தகையாளர் விண்ணப்பிக்கவில்லை. அப்படி ஒரு திட்டம் இருந்தது என்பதே எங்கள் வீட்டில் பிறகுதான் தெரிந்தது.

அதுவும் தற்காலிகத் திட்டம். இன்று ஒரு பாலம் உடைந்தால் அப்படி ஒரு கதவு தானாகத் திறக்காது. புதிய அறிவிப்புக்காகக் காத்திருக்க வேண்டும்.

மூன்று மாற்றங்கள்

முதலாவது, 2020இல் செய்ததை நிரந்தரமாக்க வேண்டும். வெள்ளம், தொற்று, விபத்து போன்ற காரணங்களால் பொதுப் போக்குவரத்துச் சேவை நின்றதாகப் போக்குவரத்து அமைச்சு அறிவித்த உடனே, வேலை இழந்தவருக்கு மட்டுமன்றி வேலை நாளை இழந்தவருக்கும் காப்புறுதித் திட்டம் பொருந்த வேண்டும். 30 நாள், 12 நாள் என்ற கணக்கை விட்டுவிட்டு முதல் வாரத்திற்குப் பிறகு நாள் கணக்கில் தரலாம். தொழிலாளியே நேரடியாக விண்ணப்பிக்கும் வழியும் வேண்டும்.

இரண்டாவது, ரயில்வே போன்ற பொது நிறுவனங்கள் தரும் ஒவ்வொரு குத்தகையிலும் சேவைத் தடை விதி ஒன்று இருக்க வேண்டும். ரயில் ஓடாத காலத்திலும் குத்தகையின் சம்பளப் பகுதி குத்தகையாளருக்குப் போக வேண்டும்; அது தொழிலாளியின் கைக்குப் போனதற்கு அவர் சான்று காட்ட வேண்டும். அதற்கு ஈடாக, சேறு அள்ளுவது, பயணிகளுக்கு வழிகாட்டுவது போன்ற மாற்று வேலைகளைத் தொழிலாளி செய்வார்.

மூன்றாவது, குத்தகையாளர் மாறினாலும் அதே இடத்தில் அதே வேலை செய்பவரின் சேவைக் காலம் தொடர வேண்டும். ஒன்பது ஆண்டு உழைத்தவரை ஒவ்வொரு முறையும் புது ஆளாக்குவதை ஏலப் பத்திரத்தில் ஒரு வரி சேர்த்தாலே நிறுத்திவிடலாம்.

பணம் எங்கிருந்து வரும் என்று கேட்பது நியாயம்தான். சிறு குத்தகையாளர்கள் பலர் தொழிலாளியைப் போலவே நெருக்கடியில் இருப்பவர்கள். தமக்கே பணம் வராதபோது அவர்களால் சம்பளம் தர முடியாது. அதனால்தான் சுமையை அவர் தலையில் மட்டும் வைக்காமல், சேவையை நடத்தும் நிறுவனமும் காப்புறுதி நிதியும் பகிர வேண்டும் என்கிறேன். முதலாளிகள் சும்மா இருக்கும் நாளையெல்லாம் நிதியின் தலையில் கட்டிவிடுவார்கள் என்ற அச்சமும் உண்டு. அமைச்சின் அறிவிப்பு இருந்தால்தான் பணம், முதல் வாரச் சம்பளம் முதலாளியின் பொறுப்பு என்ற இரண்டு பூட்டுகள் அதற்குப் போதும். சந்தா சிறிது உயர வேண்டியிருக்கலாம். 1,700 ரிங்கிட் சம்பளத்தில் 0.2 விழுக்காடு என்பது 3 ரிங்கிட் 40 சென். அது இரட்டிப்பானால்கூட 11 நாள் கூலியை இழப்பதை விட மேல்.

மாணவர்களாகிய நாம்

இதெல்லாம் அமைச்சருக்கும் சங்கத்துக்கும் உரிய வேலை, படிக்கிற பிள்ளைகளுக்கு என்ன என்று நினைக்க வேண்டாம். பட்டம் வாங்கி வெளியே வரும் நம்மில் பலருக்கும் முதல் வேலை ஒப்பந்த வேலையாகத்தான் இருக்கப்போகிறது. ஆறு மாதம், ஓராண்டு, புதுப்பித்தால் உண்டு. கையெழுத்துப் போடும் முன் கேட்க வேண்டிய கேள்விகள் சில உண்டு. நாள் கூலியா, மாதச் சம்பளமா? சொக்சோவிலும் காப்புறுதித் திட்டத்திலும் பெயர் பதிந்தார்களா? வேலை இல்லாத நாளுக்கு ஒப்பந்தம் என்ன சொல்கிறது? இவற்றை நமக்காகவும், இதைப் படிக்க வாய்ப்பில்லாத நம் வீட்டுப் பெரியவர்களுக்காகவும் கேட்க வேண்டும்.

நம் வீடுகளில் வேலை ஒப்பந்தங்கள் மலாயிலோ ஆங்கிலத்திலோ இருக்கும். படிக்கத் தெரிந்தவர் பிள்ளை; கையெழுத்துப் போடுகிறவர் அம்மா, அத்தை, மாமா. அந்தத் தாளை வாங்கி ஒரு முறை படித்து, தமிழில் சொல்லிக் கொடுப்பதற்குப் பட்டம் தேவையில்லை. "இனி வர வேண்டாம்" என்று வாய்மொழியாகச் சொன்னால், அதை எழுத்தில் தரும்படி கேட்கச் சொல்லுங்கள். வாட்ஸ்அப் செய்தியாக இருந்தாலும் அழிக்காமல் வைக்கச் சொல்லுங்கள். சம்பளச் சீட்டுகளைச் சேர்த்து வைக்கச் சொல்லுங்கள். 60 நாள் கெடு ஓடுவது தெரியாமல் உரிமையை இழந்தவர்கள் நம் உறவிலேயே இருக்கலாம்.

அத்தை இன்று ரயில் நிலையத்தில் இல்லை. அந்த அழைப்பு வரவே இல்லை. பிறகு ஒரு சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவப் போனார். ஒன்பது ஆண்டு வேலைக்கு ஒரு சென் இழப்பீடும் இல்லாமல், வேலையை விட்டு நின்றவர் என்ற பெயரோடு அவர் கதை முடிந்தது. 1962இல் ரயில்வே தொழிலாளர்கள் கேட்டது பெரிய சலுகை ஒன்றும் இல்லை. ரயில் நின்ற நாளிலும் தொழிலாளிக்கு வயிறு உண்டு என்பதைச் சம்பளப் பட்டியலில் எழுதச் சொன்னார்கள். அந்தப் பட்டியலில் இன்னும் பெயர் ஏறாதவர்களுக்காக அதே கோரிக்கையை மறுபடியும் வைக்க வேண்டிய முறை இப்போது நம்முடையது.